ஷாவ்மி பேட் 7: அறிமுக விலை ரூ.27,999... ஆனால் கையில் வரும்போது எவ்வளவு ஆகும்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஷாவ்மி நிறுவனத்தின் டேப்லெட்டான 'பேட் 7' இந்தியாவில் 2025 ஜனவரி 10-ம் தேதி அறிமுகமானது. ஜனவரி 13 முதல் விற்பனையும் தொடங்கிவிட்டது. "3.2கே டிஸ்ப்ளே, 144 ஹெர்ட்ஸ், 45 வாட் சார்ஜிங்" என்று விளம்பரத்தில் எண்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

பிள்ளைகளின் படிப்புக்கு, போட்டித் தேர்வுக்கு, வீட்டில் எல்லோரும் படம் பார்க்க என்று ஒரு டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. எந்த எண் நமக்கு உதவும், எது சும்மா பெருமைக்கு, முக்கியமாக எதெல்லாம் இதில் இல்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

ஒரே பார்வையில்

திரை: 11.2 அங்குல எல்சிடி, 3200 x 2136 பிக்சல், 144 ஹெர்ட்ஸ்
சிப்: ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 3
ரேம், ஸ்டோரேஜ்: 8 ஜிபி + 128 ஜிபி அல்லது 12 ஜிபி + 256 ஜிபி
பேட்டரி: 8850 எம்ஏஎச், 45 வாட் சார்ஜிங்
கேமரா: பின்பக்கம் 13 மெகாபிக்சல், முன்பக்கம் 8 மெகாபிக்சல்
ஸ்பீக்கர்: 4, டால்பி அட்மாஸ் வசதியுடன்
மென்பொருள்: ஆண்ட்ராய்டு 15 அடிப்படையிலான ஹைப்பர்ஓஎஸ் 2
தடிமன், எடை: 6.18 மில்லிமீட்டர், சுமார் 500 கிராம்

விலை எவ்வளவு?

மொத்தம் மூன்று வகைகள். 2025 ஜனவரியில் அறிமுகமானபோது இருந்த விலை:

8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ்: ரூ.27,999
12 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ்: ரூ.30,999
12 ஜிபி, 256 ஜிபி, 'நானோ டெக்ஸ்சர்' திரை: ரூ.32,999 (இது மட்டும் பிப்ரவரியில் விற்பனைக்கு வரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது)

இது டேப்லெட்டுக்கு மட்டுமான விலை. எழுதும் பேனா, கீபோர்டு, கவர் எல்லாம் தனி. அந்தக் கணக்கைக் கீழே போடுவோம். அதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

திரை: பெரிய மாற்றம் இங்கேதான்

2023-ல் வந்த பேட் 6-ன் திரை 11 அங்குலம். பேட் 7-ல் 11.2 அங்குலம். "0.2 அங்குலம்தானே, இது என்ன பெரிய விஷயமா?" என்று தோன்றும். ஆனால் மாறியிருப்பது திரையின் வடிவம்.

பேட் 6 திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:10. பேட் 7-ல் அது 3:2. அதாவது அகலம் கிட்டத்தட்ட அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. கணக்குப் போட்டால் திரையின் பரப்பு சுமார் 6 சதவீதம் அதிகம்.

இதனால் யாருக்கு லாபம்? படிப்பவர்களுக்கு. பள்ளிப் புத்தகத்தின் பிடிஎஃப், கோச்சிங் சென்டர் நோட்ஸ், பழைய வினாத்தாள் இவையெல்லாம் பெரும்பாலும் ஏ4 அளவுக்காகத் தயாரானவை. ஏ4 காகிதத்தின் விகிதத்துக்கு 16:10-ஐவிட 3:2 நெருக்கமானது. டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் முழு ஏ4 பக்கமும் முக்கால் பங்கு அளவில் திரையில் வந்துவிடும். சாதாரண எழுத்து அளவில் இருக்கும் பக்கத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்காமலேயே படிக்கலாம். 6.7 அங்குல போனில் பிடிஎஃப் படித்துக் கண் வலித்தவர்களுக்கு இந்த அருமை புரியும்.

படம் பார்ப்பவர்களுக்கு? இங்கே கொஞ்சம் இழப்பு. யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் 16:9 விகிதத்தில் இருக்கும். அவற்றை இந்தத் திரையில் ஓடவிட்டால் உயரத்தில் சுமார் 16 சதவீதம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையாகிவிடும். பேட் 6-ல் இது 10 சதவீதம்தான். சினிமாஸ்கோப் படம் என்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்புப் பட்டைதான். அகலம் குறையாததால் படம் சின்னதாகிவிடாது. மீதி இடம் வீணாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆக, இது படிக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த திரை. படம் பார்க்க மட்டும் வாங்குகிறவர்களுக்கு 3:2 ஒரு கூடுதல் காரணம் ஆகாது.

3.2கே என்றால் என்ன?

குறுக்குவாட்டில் 3200 பிக்சல் இருப்பதால் இந்தப் பெயர். ஒரு அங்குலத்துக்கு சுமார் 345 பிக்சல். டேப்லெட்டை நாம் போனைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்போம். அந்தத் தூரத்தில் எழுத்துகளின் ஓரம் மொழுக்கென்று தெரிய இது தாராளம். தமிழில் 'ணை', 'ஞ்', 'ழ்' போன்ற சுழியும் புள்ளியும் உள்ள எழுத்துகளைச் சின்ன அளவில் படிக்கும்போது இந்த நேர்த்தி உதவும்.

144 ஹெர்ட்ஸ் தேவையா?

திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். 144 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 144 முறை.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில் ஓடுகிறது. ஆன்லைன் வகுப்பு வீடியோக்கள் பெரும்பாலும் 30 ஃபிரேம்கள். ஆகவே வீடியோ பார்க்கும்போது 144 ஹெர்ட்ஸால் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. பக்கங்களை வேகமாகத் தள்ளும்போது, பேனாவால் எழுதும்போது, ஆதரவு தரும் சில கேம்களில் மட்டுமே அந்த வழவழப்பை உணர முடியும்.

60 ஹெர்ட்ஸிலிருந்து 90-க்கோ 120-க்கோ போனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 120-லிருந்து 144 என்பது பலருக்குக் கண்ணில் படவே படாது. இந்த எண்ணுக்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டாம்.

எல்சிடி திரை ஒரு குறையா?

இந்த விலையில் அமோலெட் திரையை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. பேட் 7-ல் இருப்பது எல்சிடி. இதில் திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் இருட்டு அறையில் படம் பார்த்தால் கறுப்பு நிறம் முழுக் கறுப்பாக இல்லாமல் லேசாகச் சாம்பல் படிந்ததுபோல் தெரியும்.

வெளிச்சம் 800 நிட்ஸ் வரை போகும். பேட் 6-ல் இது 550. வகுப்பறை, ஜன்னலோரம், வராண்டா போன்ற இடங்களில் இது போதும். நடு வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து படிப்பது கஷ்டம்தான்.

நானோ டெக்ஸ்சர்: ரூ.2,000 கூடுதல் எதற்கு?

வழக்கமான டேப்லெட் கண்ணாடி பளபளவென்று இருக்கும். மேலே டியூப்லைட் எரிந்தால் அந்த விளக்கே திரையில் ஒரு வெள்ளைக் கோடாக விழும். நானோ டெக்ஸ்சர் வகையில் கண்ணாடியின் மேற்பரப்பு மிக நுண்ணிய சொரசொரப்புடன் செய்யப்பட்டிருக்கிறது. மேலே விழும் ஒளி சிதறிப்போவதால் பிரதிபலிப்பு குறையும். பேனா வைத்து எழுதும்போது கண்ணாடியில் வழுக்குவதுபோல் இல்லாமல் காகிதத்தின் பிடிப்பு கொஞ்சம் கிடைக்கும்.

இதற்கு விலையாக நிறங்களின் பளிச்சென்ற தன்மை சற்றுக் குறையும். தினமும் நாலைந்து மணி நேரம் திரையில் படித்து, கையால் நோட்ஸ் எழுதுகிறவர்களுக்கு ரூ.2,000 கொடுக்கலாம். மற்றவர்களுக்கு சாதாரணத் திரையே போதும்.

சிப்: வேகத்தில் குறை வைக்கவில்லை

பேட் 6-ல் இருந்தது ஸ்னாப்டிராகன் 870. அது 2021-ல் வெளியான, 7 நானோமீட்டர் தொழில்நுட்பச் சிப். பேட் 7-ல் இருக்கும் ஸ்னாப்டிராகன் 7 பிளஸ் ஜென் 3, 2024 மார்ச்சில் வெளியான 4 நானோமீட்டர் சிப்.

நானோமீட்டர் எண் குறையக் குறைய, பொதுவாக அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய முடியும். இந்தச் சிப்பில் மொத்தம் 8 கோர்கள். அதில் ஒன்று 2.8 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட பெரிய கோர். கனமான வேலை வந்தால் அது களத்தில் இறங்கும். வாட்ஸ்அப் மெசேஜ், பாட்டு போன்ற சின்ன வேலைகளைச் சின்னக் கோர்கள் பார்த்துக்கொள்ளும்.

நடைமுறையில்? ஒரு பக்கம் வகுப்பு வீடியோ, இன்னொரு பக்கம் நோட்ஸ் என்று திரையைப் பிரித்து வைத்தாலும் திணறாது. கேம் ஆடுகிறவர்களுக்கும் இந்த விலையில் நல்ல சிப்தான். படிப்பு, படம், பிரவுசிங் மட்டும் என்றால் இந்த வேகத்தில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் டேப்லெட்டை நாம் போன் மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதில்லை. நாலைந்து வருடம் வைத்திருப்போம். ஆப்கள் வருடா வருடம் கனமாகிக்கொண்டே போவதால், இன்று மிச்சமாக இருக்கும் வேகம் பின்னால் கைகொடுக்கும்.

128 ஜிபியா, 256 ஜிபியா? இதில் யோசித்தே ஆக வேண்டும்

பேட் 7-ல் மெமரி கார்டு போட இடம் இல்லை. வாங்கும்போது எடுத்த ஸ்டோரேஜ்தான் கடைசி வரைக்கும்.

128 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இயங்குதளமும் கூடவே வரும் ஆப்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதிதான் நமக்கு. ஒரு மணி நேர வகுப்பு வீடியோ அரை ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 100 வகுப்புகளை டவுன்லோடு செய்தால் 50 ஜிபி போய்விடும். நீட், டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்கு ஒரு வருடம் படிப்பவர்களிடம் 100 வகுப்பு என்பது ரொம்பச் சாதாரணம்.

விலை வித்தியாசம் ரூ.3,000. அதற்கு இரண்டு மடங்கு ஸ்டோரேஜ், 4 ஜிபி கூடுதல் ரேம் கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு: 128 ஜிபி வகையில் இருப்பது யுஎஃப்எஸ் 3.1 ஸ்டோரேஜ், 256 ஜிபி வகையில் அதைவிட வேகமான யுஎஃப்எஸ் 4.0. நாலைந்து வருடம் வைத்திருக்கப்போகும் மாணவர்களுக்கு இந்த ரூ.3,000 வீண் செலவு இல்லை.

128 ஜிபி போதும் என்று முடிவு செய்தால் ஒரு வழி இருக்கிறது. டைப்-சி பென்டிரைவ் ஒன்றை வாங்கி, பழைய வீடியோக்களையும் பிடிஎஃப்களையும் அதில் மாற்றி வைக்கலாம். ஆனால் கோச்சிங் ஆப்களுக்குள் டவுன்லோடு ஆகும் வீடியோக்களைப் பொதுவாக அப்படி வெளியே எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பேட்டரி: பழைய சார்ஜர் போட்டால் என்ன ஆகும்?

பேட் 6-ல் 8840 எம்ஏஎச். பேட் 7-ல் 8850. வித்தியாசம் வெறும் 10 எம்ஏஎச். மாறியிருப்பது சார்ஜ் ஏறும் வேகம்: 33 வாட்டிலிருந்து 45 வாட்.

இந்த பேட்டரியின் மொத்த ஆற்றல் சுமார் 34 வாட்-ஹவர். 45 வாட்டில் ஏற்றினால் முக்கால் மணி நேரத்தில் நிறைய வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஆனால் பேட்டரி நிறைய நிறையச் சார்ஜிங் வேகம் தானாகவே குறையும். பேட்டரியின் ஆயுளைக் காக்கும் ஏற்பாடு அது. அதனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகத்தான் செய்யும்.

வீட்டில் கிடக்கும் பழைய 10 வாட் போன் சார்ஜரைப் போட்டால்? நாலு மணி நேரம் வரை இழுக்கும். "புது டேப் சார்ஜே ஏற மாட்டேங்குது" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

ஸ்பீக்கர், கேமரா

நான்கு ஸ்பீக்கர்கள் இருப்பதால் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கச் சத்தம் போதும். முன்பக்கக் கேமரா திரையின் நீளமான பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. டேப்லெட்டைப் படுக்கவைத்து ஆன்லைன் வகுப்பில் பேசும்போது முகம் ஓரமாகப் போகாமல் நடுவில் தெரியும்.

பின்பக்கக் கேமரா ஹோம்வொர்க்கை, சான்றிதழை ஸ்கேன் செய்யப் போதும். கல்யாண போட்டோ எடுக்க உங்கள் போனே மேல்.

இதில் என்னவெல்லாம் இல்லை?

விளம்பரத்தில் வராத பகுதி இது. வாங்கிய பிறகு வருத்தப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

*சிம் கார்டு கிடையாது.* இந்தியாவில் வந்திருக்கும் பேட் 7 வைஃபையில் மட்டும் இயங்கும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட வேண்டும். எச்டி தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 1 முதல் 1.5 ஜிபி வரை டேட்டா போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் என்றால் ஒரே வகுப்பில் தீர்ந்துவிடும். வீடியோ தரத்தை 480பி-க்குக் குறைத்தால் பாதிக்கும் கீழே வரும்.

ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு சிக்கல்: போன் யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டில் இருந்தால்தான் பிள்ளைக்கு இன்டர்நெட். அப்பா வேலைக்குப் போனால் டேப்லெட்டில் நெட் இல்லை. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்கள் டேப்லெட் விலையோடு மாதா மாத நெட் செலவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

*யுபிஐ ஆப்கள் வேலை செய்யாது.* கூகுள் பே, போன்பே போன்றவற்றைப் பதிவு செய்ய, வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே சாதனத்தில் இருந்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். சிம் போட இடமே இல்லாததால் அது நடக்காது. வாட்ஸ்அப்புக்குப் பிரச்சினை இல்லை. போனில் உள்ள கணக்கோடு இணைத்து டேப்லெட்டிலும் பயன்படுத்தலாம்.

*ஹெட்போன் ஜாக் கிடையாது.* பழைய 3.5 மில்லிமீட்டர் இயர்போனைச் செருக முடியாது. டைப்-சி இயர்போனோ புளூடூத் இயர்போனோ வேண்டும்.

*கைரேகை சென்சார் கிடையாது.* முகத்தைக் காட்டியோ பின் எண் போட்டோதான் திறக்க வேண்டும்.

*ஐபி68 போன்ற தண்ணீர்ப் பாதுகாப்புச் சான்று கிடையாது.* சாப்பாட்டு மேசையில் வைத்துப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைப்பது நல்லது.

இப்போது உண்மையான கணக்கு

தனியாக விற்கப்படும் பொருட்களின் அறிமுக விலை இது.

ஃபோகஸ் பேனா: ரூ.5,999
ஃபோகஸ் கீபோர்டு: ரூ.8,999
கவர்: ரூ.1,499

8 ஜிபி வகையோடு கவர் மட்டும் எடுத்தால் ரூ.29,498.
அதோடு பேனாவும் சேர்த்தால் ரூ.35,497.
பேனாவும் கீபோர்டும் எடுத்தால் (கவர் இல்லாமல்) ரூ.42,997.
12 ஜிபி வகையோடு பேனா, கீபோர்டு எடுத்தால் ரூ.45,997.

விளம்பரத்தில் காட்டப்படும் படத்தைப் பாருங்கள். பேனா ஒட்டியிருக்கும், கீபோர்டு மாட்டியிருக்கும், திரை நிமிர்ந்து நிற்கும். அந்தப் படத்தில் இருப்பது ரூ.27,999 இல்லை, அது 43 ஆயிரம் ரூபாய்.

எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை. பிடிஎஃப் படிக்க, வீடியோ பார்க்க என்றால் கவர் போதும். கணக்கு, வேதியியல், ஓவியம் போன்று கையால் எழுதியே ஆக வேண்டியவர்களுக்குத்தான் பேனா. பேனா வாங்குவதாக இருந்தால் முதலிலேயே அதைப் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். எப்போதாவது டைப் செய்ய வேண்டும் என்றால் சாதாரண புளூடூத் கீபோர்டு ஒன்றே போதும். அது இதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

மற்ற டேப்லெட்டுகளோடு ஒப்பிட்டால்?

*சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ:* 2023 அக்டோபரில் வந்தது. வைஃபை வகையின் அறிமுக விலை ரூ.36,999. எழுதும் எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. மெமரி கார்டு போடலாம். ஐபி68 சான்று உண்டு, கைரேகை சென்சார் உண்டு. சிம் போடும் 5ஜி வகையும் தனியாக இருக்கிறது. ஆனால் திரை 90 ஹெர்ட்ஸ். சிப் வேகத்தில் பேட் 7 நன்றாகவே முந்துகிறது. ஆரம்ப வகையில் ரேம் 6 ஜிபிதான்.

பேட் 7-ஐப் பேனாவோடு சேர்த்தால் ரூ.33,998. சாம்சங்கின் அறிமுக விலைக்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் ரூ.3,000 மட்டுமே. வெறும் டேப்லெட் விலையைப் பார்த்தபோது அது ரூ.9,000-மாகத் தெரிந்தது. சாம்சங் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனதால் ஆஃபர் விலையையும் பார்த்து ஒப்பிட வேண்டும்.

*ஆப்பிள் ஐபேட் 10-ம் தலைமுறை:* 2025 தொடக்கத்தில் இதன் ஆரம்ப விலை ரூ.34,900-ஆக இருந்தது. அதில் ஸ்டோரேஜ் 64 ஜிபிதான். திரை 60 ஹெர்ட்ஸ். டைப்-சி ஆப்பிள் பென்சில் தனியாக ரூ.7,900. இரண்டும் சேர்ந்து ரூ.42,800. ஓவியம், வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்கு ஐபேட் ஆப்கள் முன்னணியில் இருக்கின்றன. நீண்ட காலம் அப்டேட் வருவதும் அதன் பலம்.

லேப்டாப்புக்குப் பதிலாக இதை வாங்கலாமா?

43 ஆயிரம் ரூபாய் என்றவுடன் வரும் நியாயமான கேள்வி இது. அந்தப் பணத்துக்கு ஒரு சாதாரண லேப்டாப் வாங்கிவிட முடியும்.

பேட் 7-ல் 'ஒர்க்ஸ்டேஷன்' என்றொரு முறை இருக்கிறது. ஆப்களைக் கம்ப்யூட்டர்போலத் தனித்தனி ஜன்னல்களாகத் திறந்து வைக்கலாம். ஆனால் உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டு ஆப்கள்தான். டேலி, ஆட்டோகேட், முழு அளவிலான எக்செல், கல்லூரியில் சொல்லித்தரும் புரோகிராமிங் மென்பொருட்கள் இவையெல்லாம் விண்டோஸில் ஓடுவதுபோல் இதில் ஓடாது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, போட்டித் தேர்வு என்றால் படிப்பதும் எழுதிப் பார்ப்பதும்தான் முக்கிய வேலை. அதற்கு டேப்லெட் நன்றாகப் பொருந்தும். பொறியியல், பி.காம், கணினி அறிவியல் படிக்கும் கல்லூரி மாணவர் வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் இல்லையென்றால், முதலில் லேப்டாப், டேப்லெட் அப்புறம்.

இஎம்ஐ-யில் எடுப்பவர்கள் கவனத்துக்கு

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்று போட்டிருந்தாலும் சின்னச் சின்னச் செலவுகள் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி-யை வங்கி நம்மிடம்தான் வாங்கும். பல வங்கிகள் பிராசசிங் கட்டணமும் போடும். மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டு 'ஓகே' அழுத்துங்கள்.

யார் வாங்கலாம்?

வீட்டில் வைஃபை இருக்கிறது. நிறையப் படிக்க வேண்டும். நாலைந்து வருடம் வேகம் குறையாமல் ஓட வேண்டும் என்பவர்களுக்கு பேட் 7 நல்ல தேர்வு. இவர்கள் 12 ஜிபி வகையை எடுப்பது நல்லது.

யார் வேறு பார்க்கலாம்?

வீட்டில் வைஃபை இல்லை, பயணத்தில் பயன்படுத்த வேண்டும் என்றால் சிம் போடும் டேப்லெட்டைத் தேடுங்கள். பேனா கட்டாயம் வேண்டும், சின்னப் பிள்ளைகள் கையாளுவார்கள் என்றால் சாம்சங்கையும் ஒப்பிடுங்கள். படம் பார்க்க மட்டும் என்றால் இதைவிடக் குறைந்த விலை டேப்லெட்டே போதும். பேட் 6 கையில் இருந்து, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு மாற்றத் தேவையில்லை.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. வீட்டில் இன்டர்நெட் எங்கிருந்து வரப்போகிறது, மாதம் எவ்வளவு?
2. பேனா, கீபோர்டு, கவர், இயர்போன் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
3. 128 ஜிபி எத்தனை வருடத்துக்குத் தாங்கும்?
4. சார்ஜர் பெட்டியில் வருகிறதா, எத்தனை வாட்?
5. திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும், சர்வீஸ் சென்டர் நம்ம ஊரில் இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, கடைசியில் வரும் தொகையைப் பாருங்கள். உங்கள் பட்ஜெட்டோடு ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையைத்தான்.